சிமெண்ட் இல்லாத கல்லும் தண்ணீர் லாரியும்

முதலிலேயே மானத்தை விட்டுவிடுகிறேன். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு விடுதி முற்றத்தில், தரைக்கல்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை ஏதோ சாமியார் சிந்திவிட்டுப் போன விபூதி என்று நினைத்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். அது கல்லிலிருந்து பூத்த உப்பு. ஒரு மணி நேரம் நெற்றியைச் சொறிந்தேன். அதையும் ஒரு வழிபாடு என்று எண்ணி ஒரு வெளிநாட்டுக்காரர் படம் பிடித்துக்கொண்டார்.

போன ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம் அது. என் மனைவியின் சித்தி மகள் கலைச்செல்வி பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூரில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறாள். அவள் கல்லில் சிமெண்ட் கிடையாது. அந்த விடுதி முற்றத்துக்கான ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, மறுபடி சாக்பீஸ் பிடிக்க வேண்டியதுதான். தைரியம் சொல்ல வருகிறேன் என்றேன். வேடிக்கை பார்க்கப் போனேன் என்பது அவளுக்கும் தெரியும்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி தாண்டி, திருவண்ணாமலைக்கு இருபது கிலோமீட்டர் முன்பே கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். தூங்கிவிடாதீர்கள்.

பட்டறையில் இரண்டு குவியல்கள். ஒன்று அனல்மின் நிலையத்துச் சாம்பல், மற்றது இரும்பு உருக்காலையில் மிஞ்சிய கசடை அரைத்த தூள். இவற்றோடு ஜல்லி, மணல். தண்ணீருக்குப் பதிலாக காஸ்டிக் சோடா கலந்த கரைசல்.

"கிட்ட போகாதீங்க மாமா, கை வெந்துடும்."

"உங்க அக்கா சமையலே எனக்குப் பழக்கம்மா."

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் எரித்துத்தான் சிமெண்ட் செய்கிறார்கள், அந்தப் புகை வானத்துக்குப் போகிறது, இங்கே சூளையே கிடையாது என்று விளக்கினாள். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல் இருந்தது.

அடி அண்ணாமலைக்கு அவள் வேனிலேயே போனோம். மாதிரிக்கு ஒரு பத்தடி பதித்து வைத்திருந்தார்கள். அங்கேதான் என் விபூதி வைபவம். உப்பைப் பார்த்ததும் கலைச்செல்விக்கு முகம் செத்துவிட்டது. மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டாள்.

"தண்ணி ஊத்துனீங்களாண்ணா? இதுக்கு ஊத்தக் கூடாது, ஊத்துனா உப்பு பூக்கும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே?"

"ஊத்தலைங்க மேடம். லேசா தெளிச்சேன். மூணு வேளை." ஏழுமலை தரையைப் பார்த்தார். "இருவது வருசமா சிமெண்ட்டுக்கு ஊத்துன கைங்க. புதுக் கல்லு வெயில்ல காய்ஞ்சுகினு கெடந்தா பார்த்துகினு இருக்க முடியல."

விடுதி மேனேஜர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்மேல் நின்று பார்த்தார்.

"சிமெண்ட் இல்லாத கான்கிரீட்டுன்னா, பால் இல்லாத பால்கோவா மாதிரி இருக்குதும்மா. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. தண்ணி லாரி இது மேலதான் வரும். தாங்குமா?"

"லாரிய வரச் சொல்லுங்க சார்" என்றாள். குரல் மட்டும்தான் உறுதியாக இருந்தது. சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

முழுத் தொட்டியோடு லாரி வந்தது. ஏறியது. நடுவில் நிறுத்தச் சொன்னார் மேனேஜர், அந்த ராட்சசன். பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார்கள். ஒரு கல்லும் அசையவில்லை. மேனேஜர் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "முற்றம் மொத்தமும் போட்டுடும்மா. வெள்ளையை மட்டும் கழுவிடு" என்றார். கலைச்செல்வி வேனுக்குள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நான் நெற்றியைச் சொறிவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கல்லை யோசிக்கலாம். பட்டறைக்குப் போனால் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று போகாதீர்கள், அறையும் கிடைக்காது, ஆட்டோவும் சொன்ன விலைதான். சாதாரண நாளில் அடி அண்ணாமலையிலிருந்து பேருந்து நிலையத்துக்கு எனக்கு இருநூறு ரூபாய் ஆனது.

அதே ஆட்டோவில் ஏழுமலையும் ஏறிக்கொண்டார். கல்லுக்கு அடியில் வெறும் மணல் பரப்பினால் போதும் என்றுதான் கலைச்செல்வி சொல்லியிருந்தாளாம். அவர் அதில் ஒன்றரை மூட்டை சிமெண்ட் கலந்துவிட்டாராம்.