முதல் கோட்டு

நேற்று என் மகள், பிறந்து பத்தே நாளான பேரனைத் துணியில் சுற்றினாள். சுற்றி முடிப்பதற்குள் பயல் காலை உதறி அவிழ்த்துப் போட்டான்.

"சரிடா ராசா, இது முதல் கோட்டு" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த வார்த்தை அவளைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். முதல் கோட்டு காய்ந்தால் சுவர் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் போன் பண்ணுவார்கள். "அது முதல் கோட்டுதாங்க, காயட்டும், அடுத்த கோட்டுல சரியாயிடும்" என்பேன். வீட்டில் தினமும் இந்தப் பாட்டுதான்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு. "என்னம்மா இது?" என்று டீச்சர் கேட்க, இவள் பயத்தில், "முதல் கோட்டு டீச்சர்" என்று உளறிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று முதல் அவள் பெயரே 'கோட்டு' ஆகிவிட்டது. மறுநாள் காலை, இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். பிள்ளை அழுதால் எனக்கு ஆகாது.

"விடும்மா. வேணாம்னா வேணாம். நான் மட்டும் என்ன படிச்சுக் கிழிச்சேன்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கு நியாயம். ஊரான் வீட்டுச் சுவருக்கு ரெண்டு கோட்டு, பெத்த பொண்ணுக்கு ஒண்ணே போதுமா?"

போர்வைக்குள் அழுகை நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எழுந்து பள்ளிக்கூடம் போனாள்.

வாசலிலேயே டீச்சர் பிடித்துக்கொண்டார்களாம். "வாம்மா, காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சு டீச்சர்."

"அப்ப ரெண்டாவது கோட்டு அடிச்சிடலாம்."

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் தப்பான கணக்கையெல்லாம் மறுபடி போட வைத்தார்கள். இரண்டே வாரத்தில், சிரித்த பிள்ளைகளில் நாலு பேர் தங்கள் தப்பான கணக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த பரீட்சையில் நாற்பத்தொன்று. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் தப்பைப் பார்த்து ஓடுகிற பழக்கம் அவளை விட்டுப் போயிற்று. இன்று பஸ் டிப்போவில் மெக்கானிக். மற்றவர்கள் கைவிட்ட எஞ்சினை இவளிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

நேற்று இரண்டாவது தடவையும் பயல் உதறிவிட்டான். என் கை சும்மா இருக்குமா?

"விடும்மா, நான் சுத்துறேன்."

"மறுபடியும் 'விடும்மா'வாப்பா?"

கையை எடுத்துக்கொண்டேன்.

"சில சுவரு மூணு கோட்டு கேக்கும்மா" என்றேன்.