வெற்றுக் கட்டங்கள்

என் மகள் வயிற்றுப் பேத்தியை வீட்டில் அணில் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீடு மூன்றாவது மாடியில், நாற்பத்திரண்டு படிகள். இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். பதின்மூன்றாம் வயதில் அவளுக்குக் கொரோனா வந்தது. நான்கு நாள் காய்ச்சல், நூற்றொன்றைத் தாண்டவில்லை. வீட்டில் மூன்று பேருக்கும் வந்ததில் அவளுக்குத்தான் லேசு.

காய்ச்சல் விட்ட ஏழாவது வாரம், இருபத்தெட்டாம் படி முடிகிற திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடி. பரீட்சை வந்தா மட்டும் கால் வலிக்குமா?" என்றாள் அவள் அம்மா, கையில் பால் பாக்கெட்டோடு.

"வலிக்கலம்மா. கால் என்னோடது மாதிரியே இல்ல."

முப்பத்தாறு ஆண்டுகள் ஆலையில் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். நோட்டில் கட்டம் போட்டு, அவள் படுத்த நாள்களைக் குறித்தேன்: தலைவலி, படபடப்பு, படித்த வரி மறந்தது. வராதவருக்கு மட்டுமே குறி. வந்தவரின் கட்டம் காலி. அது ஆலைப் பழக்கம்.

டாக்டர் கடிதம் இருந்தால் அரைநாள் வரலாம், இல்லாவிட்டால் வருகை போதாமல் ஆண்டு போய்விடும் என்றது பள்ளி. ரத்தமும் நெஞ்சுப் படமும் சரியாகவே இருந்தன. மூன்று மாத நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். அவர் ஒரு வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்த நாள்ல என்ன பண்ணினா?"

"நல்லா இருந்தா, டாக்டர். குறிக்க ஒண்ணுமில்ல."

"நல்லா இருந்த அன்னைக்கு என்ன பண்ணினாங்கிறதுதான் எனக்கு வேணும், ஐயா."

"என் நல்ல நாளுக்கெல்லாம் தாத்தா லீவு விட்டுட்டார்" என்றாள் அணில். டாக்டர் மட்டும் சிரித்தார்.

அடுத்த ஆறு வாரம் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். நல்ல நாள்கள் பதினொன்று. அதில் ஒன்பது நாள், "இன்னைக்குத் தெம்பா இருக்கா" என்று மகள் அவளை முழுநாள் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் விட்ட பாடத்தையும் எழுத வைத்திருந்தாள். ஒன்பது முறையும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அணில் படுத்துவிட்டாள். வீட்டில் சும்மா இருந்த மற்ற இரண்டு நாளுக்குப் பின் ஒன்றும் ஆகவில்லை.

மகள் நோட்டை இரண்டு முறை படித்தாள்.

"நானே அவளைப் படுக்க வச்சிருக்கேனாப்பா?"

முதல் மூன்று மாதத்திலேயே இது தெரிந்திருக்கும். நான் எழுதவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

டாக்டர் கடிதம் கொடுத்தார். பள்ளி அரைநாளுக்கு ஒப்புக்கொண்டது, அடுத்த ஆண்டிலிருந்து. இந்த ஆண்டுக்கு நாள்கள் போதவில்லை. அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். அணிலிடம் சொன்னபோது "சரி" என்றாள். அவ்வளவுதான்.

திருப்பத்தில் இப்போது ஒரு முக்காலி இருக்கிறது. அவள் அதில் உட்கார்ந்தால், அவள் அம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். எந்திரி என்று சொல்வதில்லை. நேற்று ஏழு நிமிடம் என்று கட்டத்தில் எழுதினேன்.