பங்காளியாக மறுத்த கணேசமூர்த்தி

கம்பெனிகளுக்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மலேசியாவில், செனாவாங்கில் என் ஆபீஸ் படி ஏறியவர்களில் கணேசமூர்த்தியைப் போல என் உயிரை வாங்கியவர் யாருமில்லை.

பகாவ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, அங்கே ரப்பர் பால் லோரி ஓட்டி, பிறகு செண்டாயான் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டியவர். அடுத்தவனுக்கு ஓட்டியது போதும் என்று, மனைவியின் அண்ணன் சன்னாசியோடு சேர்ந்து சொந்தமாக பஸ் கம்பெனி தொடங்க வந்தார். அன்று மாலைக்குள் பத்திரம் கையெழுத்தாகாவிட்டால் அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேலை வேறு யாருக்கோ போய்விடும். தெரிந்துதான் படுத்தினார்.

மலாய்ப் பத்திரம் புரியவில்லை, தமிழில் வேண்டும் என்றார். சரி என்று, சட்டத்துக்கு மலாயில் ஒன்று, அவருக்குப் புரியத் தமிழில் ஒன்று என இரண்டாக எழுதினேன். 'கூட்டாளி' என்றால் இங்கே வெறும் சிநேகிதன். அதனால் 'பங்காளி' என்று போட்டுத் தொலைத்தேன்.

"மிஸ், இவரு எனக்குப் பங்காளி இல்ல. மச்சான்."

"முறையைச் சொல்லல அங்கிள். கம்பெனில பங்கு இருக்கு, அதான்."

"பங்காளின்னா அண்ணன் தம்பிலா. நான் இவரு தங்கச்சியக் கட்டுனவன்."

"பார்ட்னர்னு போடட்டுமா?"

"அதுவும் பங்காளிதானே."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு வார்த்தைக்காகக் கிடைக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்வீர்களா என்று கத்தியே விட்டேன். சன்னாசி வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் மீதும் எரிச்சலாக வந்தது.

கணேசமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். "நீலாவதி செத்து ரெண்டு வருசம் ஆச்சு மிஸ். எங்களுக்குப் புள்ள இல்ல. என்னை மாப்பிள்ளன்னு கூப்பிட இவரு ஒருத்தருதான் மிச்சம். பங்காளின்னு எழுதி அதையும் எடுத்துட்டீங்கன்னா நான் இவருக்கு யாரு?"

நான் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, அவர் பெயருக்கு நேரே 'மாப்பிள்ளை' என்றும் சன்னாசிக்கு நேரே 'மச்சான்' என்றும் எழுதினேன். சட்டம் படித்த யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

அப்போதுதான் சன்னாசி வாயைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "ஒருத்தர் விலகுனா என்ன செய்யறதுன்னு எழுதியிருக்கீங்களே, அத எடுத்துருங்க மிஸ். மாப்பிள்ள விலக மாட்டாரு. நானும் விட மாட்டேன்," என்றார்.

எதை விட்டாலும் அந்தப் பிரிவை மட்டும் விடக் கூடாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் தொண்டை வறளச் சொல்கிறவள் நான். அதை மலாய்ப் பத்திரத்திலிருந்தும் எடுத்துவிட்டேன்.