வியாழக்கிழமைப் பணிஸ்

சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் கிணற்றடியில் குந்தியிருந்து சத்தி எடுக்கத் தொடங்கினாள். நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் என் கணவர் கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பார். அன்று பாதிச் சாவி கொடுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவர் குதித்து ஓடினார். நான் குசினியிலிருந்து ஓடினேன். பல நாள் கழித்து நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சாவி மணிக்கூட்டிலேயே செருகியபடி இருந்தது. மணிக்கூடு நின்றுபோயிருந்தது.

இது யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம். மகளுக்கு அப்போது பதினாறு வயது. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் அவள் தும்மினாலும் நான் எழுந்து உட்காருவேன். எட்டு மணிக்குள் அவளால் நிற்க முடியவில்லை. வயிற்றாலும் போனது. கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கை குளிர்ந்துவிட்டது. சந்தியிலிருந்து வாடகைக் கார் பிடித்து மானிப்பாய் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்குத்தர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"பிள்ளை, நேத்து என்ன சாப்பிட்டனீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இறைச்சிப் பணிஸ்," என்றாள்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது பயம் அல்ல. நான் வென்றுவிட்டேன் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமையோ? வெள்ளிக்கிழமை இறைச்சி திண்டவளோ?" என்று என் கணவர் கேட்டார்.

"அந்தக் கடை கூப்பிட்டால் உங்கடை மகளுக்கு வெள்ளியும் தெரியாது, சனியும் தெரியாது. நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்றேன்.

பணிஸை எங்கே தின்றாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அந்தக் கடை பட்டணத்தில், மகளின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது. முன்பக்கத்தில் ஆண்கள் நீள மரவாங்கில் இருந்து சாப்பிடுவார்கள். ஒழுங்கைப் பக்கம் ஒரு சிறு ஜன்னல் உண்டு. பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் பெண்பிள்ளைகள் அதன் வழியே வாங்குவார்கள். கடையை நடத்தியவள் ஒரு குருநகர்ப் பெண், என் வயதுதான் இருக்கும். அவளுடைய புருஷன் கப்பலில் சமையற்காரனாக இருந்தவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் பார்த்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தானாம். பேக்கரியில் வாங்கிய வட்டப் பணிஸைக் குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கத்தைக் கல்லில் சூடாக்கி, கொத்திய ஆட்டிறைச்சியைத் தட்டையாகத் தட்டிப் பொரித்து நடுவில் வைத்து, மேலே வினாகிரியில் ஊறிய வெங்காயம் போட்டுக் கொடுப்பாள். பட்டணத்தில் வேறெங்கும் அப்படி ஒன்று கிடையாது.

நானும் சமைக்கத் தெரியாதவள் அல்ல. மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே வெள்ளைக்கார மிசியம்மா நடத்திய சமையல் வகுப்பில் கட்லட்டுக்கு எனக்குத்தான் முதற் பரிசு கிடைத்தது. பரிசாகத் தந்த கரண்டி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது நான் கட்லட் பொரித்தால் அடுப்படியை விட்டு நகரமாட்டாள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு எல்லாம் மாறிவிட்டது.

"அம்மா, அந்த அக்கா பொரிக்கேக்கை இறைச்சியைத் தொடவே மாட்டா. சத்தத்தைக் கேட்டே பிரட்டுவா."

"நானும் பொரிக்கிறன்தானே?"

"நீங்கள் கரண்டியாலை அமத்துறியள். அதுதான் காஞ்சு போகுது."

என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "கரண்டியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி மிசியம்மா கடிதம் போடப்போறா."

"இறைச்சியை வலைத்துணியாலை மூடித்தான் வைச்சிருப்பா, அம்மா. கத்தியைக் கொதிதண்ணியிலை போட்டு எடுப்பா. கீழை விழுந்தது நாய்க்குத்தான், திருப்பி எடுக்க மாட்டா."

"ஜன்னலுக்குள்ளாலை உதெல்லாம் பாக்க உனக்கு நேரம் இருக்கு. படிக்கத்தான் நேரமில்லை."

அக்கா என்று அவள் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் எப்போதோ அவளிடம், பிள்ளையின் விரல் நீளம், நன்றாகச் சமைக்கும் விரல் என்று சொல்லியிருக்கிறாள். மகள் அதை மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த விரல்களுக்குப் பிறந்த நாள் முதல் நகம் வெட்டியவள் நான். பிறகு ஒருநாள் கொண்டையைக் காதுக்குக் கீழே இறக்கி முடிந்துகொண்டு வந்தாள். அது எங்கள் வீட்டில் யாரும் முடியாத கொண்டை. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே போய்வரலாம் என்று அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் பஸ் ஏறிப் பட்டணம் போனேன். நூல் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னேன். ஜன்னலடியில் நின்று குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். மேசையில் ஈ இல்லை. வலைத்துணி வெள்ளையாக இருந்தது. கத்தி கொதிதண்ணீரில் கிடந்தது. அவளுடைய கொண்டை காதுக்குக் கீழே இருந்தது. என்னை யாரென்று தெரியாமல் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பணிஸ் வாங்கினேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்து என்னென்ன போட்டிருக்கிறாள் என்று அறிய. அதில் பிடிபடாவிட்டால் மற்றது. அதைவிட நன்றாக நான் செய்து மகளின் முன்னால் வைக்கவேண்டும்.

"சூட்டோடை சாப்பிடுங்கோ, அம்மா. நாளைக்கு வைச்சிராதேங்கோ, இறைச்சி நிக்காது," என்றாள்.

"எனக்கும் தெரியும். நானும் சமைக்கிறவள்தான்," என்றேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். அதற்காக வியாழன் மத்தியானமே குசினியைக் கழுவி, மீன், இறைச்சி சமைக்கும் சட்டிகளை குசினிக்கு வெளியே விறகு அடுக்கும் பத்திக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவேன். கழுவிய குசினிக்குள் இறைச்சியைக் கொண்டுபோக முடியாது. இன்னொன்றும் இருந்தது. குருநகர்ப் பெண் சமைத்ததை எங்கள் வீட்டுக்குள் நானே எடுத்து வந்தேன் என்று சாதி பார்க்கும் என் கணவரின் ஆட்களுக்குத் தெரியக்கூடாது. அப்போது அதை என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே இரண்டு பணிஸையும் கடதாசியோடு பத்தியில் இருந்த ஒரு மண்முட்டிக்குள் வைத்து, வாயைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடினேன். சனிக்கிழமை காலை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். தின்னப் போவதில்லை, பிரித்து மணந்து பார்க்கத்தானே என்று நினைத்தேன். என் சட்டியில் மிஞ்சிய இறைச்சியாக இருந்தால் அன்றே நாய்க்குப் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வழமைபோல் போனது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். பின்னேரம் சாம்பிராணி போடத் தணல் பிடித்தாள். அது அவளுடைய வேலை. இராச் சாப்பாடு வேண்டாம், பசியில்லை என்றாள். சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடமானது.

ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். மத்தியானம் காய்ச்சலும் பிடித்தது. அன்று பின்னேரம் டாக்குத்தர் என் கணவரைத் தனியே கூப்பிட்டு, இரண்டு நாள் போகவேண்டும், அதற்குமுன் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நான் கட்டிலடியில் நிலத்தில் இருந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடவில்லை, வாயையும் மூடவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் கடையைப் பற்றிச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரியின் தாய் நான் சொன்னதற்கு மேலே இரண்டு போட்டுத் தந்தாள்.

"கடைக்காரிக்கென்ன? நேத்தையான் இறைச்சியை இண்டைக்கும் போட்டிருப்பாள்."

"நேத்தையானோ? முந்தநாளையானாயிருக்கும்," என்றேன் நான்.

அந்தச் சொல்லை என் வாய்தான் சொன்னது.

அந்த முட்டி எனக்கு நினைவே வரவில்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை வந்தது. இதற்குள் புழுத்திருக்கும், வீட்டுக்குப் போனதும் எறியவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கையில் இருந்த இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை என் கணவர் தான் வேலைசெய்யும் கந்தோரில் சொன்னார். கந்தோரிலிருந்து சுகாதாரப் பரிசோதகருக்குப் போனது. பரிசோதகர் கடைக்குப் போய்ச் சட்டி பானை எல்லாம் திறந்து பார்த்தாராம். பிழை ஒன்றும் இல்லையாம். ஆனால் அவர் உள்ளே போனதை ஊர் பார்த்துவிட்டது. அன்று பின்னேரமே ஒரு பெண்பிள்ளைகூட அந்த ஜன்னலடிக்குப் போகவில்லை. முன்பக்க வாங்குகளும் வெறிதாகிவிட்டன. இதை என் கணவர் வந்து சொன்னபோது நான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். கொண்டையை அவிழ்த்து, நான் பின்னும் விதமாகப் பின்னிவிட்டேன்.

செவ்வாய் காலை காய்ச்சல் விட்டது. டாக்குத்தர் சிரித்தார். கஞ்சித்தண்ணீர் கொடுக்கலாம் என்றார். நான் வெளியே போய்ச் சுவரோடு நின்று அழுதேன்.

அன்று பின்னேரம் ஆட்கள் பார்க்கவரும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள். கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். வெறுங்கை.

"ஒண்டும் கொண்டரேல்லை, அம்மா. என்ரை கையாலை கொண்டந்தால் உங்களுக்குப் பயமாயிருக்கும்," என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றாள்.

மகளின் முகம் மலர்ந்தது. நான்கு நாளாக எனக்குக் கிடைக்காத முகம் அது.

"என்னத்துக்கு வந்தனீர்?" என்றேன்.

"ஒண்டு கேக்க வந்தனான். பிள்ளை எப்ப திண்டது?"

"வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு."

அவள் இல்லையென்று தலையசைத்தாள். "வெள்ளிக்கிழமை எங்கடை அடுப்பிலை இறைச்சி ஏறாது, அம்மா. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை மீன் மட்டும்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாருக்கும் தெரியும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு வருவதை நான் பார்த்தேன்.

"நீங்கள்தானே வியாழக்கிழமை ரெண்டு வாங்கினனீங்கள்? நாளைக்கு வைக்காதேங்கோ எண்டு சொன்னனானே?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கட்டிலிலிருந்து மகள்தான் மெல்லச் சொன்னாள்.

"நான்தான் திண்டனான். தணலுக்குச் சிரட்டை எடுக்கப் பத்திக்குள்ளை போனன். முட்டியை மூடியிருந்த சிரட்டையை எடுக்க, கடையின்ரை கடதாசி தெரிஞ்சுது. அம்மா எனக்கெண்டு வாங்கி ஒளிச்சு வைச்சிருக்கிறா எண்டு நினைச்சன். வெள்ளிக்கிழமை எண்டு தெரியும், ஆனா ஆசையாயிருந்துது. ரெண்டையும் திண்டிட்டன். அப்பா ஏசுவார் எண்டு சொல்லேல்லை. அம்மா கடையிலை வாங்கினவ எண்டு சொல்லவும் விருப்பமில்லை."

அவளுக்காக நான் அதை வாங்கவில்லை. என்றாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைக்காரி சத்தம் போடுவாள் என்று நான் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் தாயும் காதை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடைக்காரி கிட்ட வந்து மகளின் காலைப் போர்வையால் மூடிவிட்டாள்.

"பிள்ளை தப்பியிட்டுது. எனக்கு அது காணும்," என்றாள். "ஆனா நீங்கள் ஒருக்கா என்ரை கடைக்கு வரவேணும், அம்மா. ஜன்னலடிக்கில்லை, முன்வாசலாலை. எல்லாரும் பாக்க இருந்து, சுடச்சுட ஒண்டு திண்டிட்டுப் போங்கோ. நீங்கள் சொன்ன கதையை நான் சொல்லி அழிக்கேலாது. நீங்கள் திண்டால்தான் அழியும்."

"ஓம்," என்றேன். எனக்கே கேட்காத சத்தத்தில்.

அவள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வந்திராதேங்கோ."