செருப்பும் தண்ணீர் பாட்டிலும்

காலையில் கீழடி அருங்காட்சியகத்தின் பானைகளை மாமன் தோளில் இருந்தபடியே பார்த்த என் மகள், சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்திலும் அந்தத் தோளைவிட்டு இறங்க மறுக்கிறாள். கோடையில் மதுரைக்காரர்களுக்கு இதுதான் பீச். சுண்டல், காற்று, கூட்டம் எல்லாம் உண்டு. அவள் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்தபடி என் மைத்துனன் பின்னால் எரிச்சலோடு நடக்கிறேன்.

பலூன்காரர் அவனிடம், "மகளுக்கு ஒண்ணு வாங்குங்கண்ணே" என்கிறார்.

"அப்பா நான்தான்" என்று முந்திக்கொள்கிறேன்.

"அப்ப அவரு தாய்மாமனா? அதான் புள்ள இம்புட்டு ஒட்டுது. ஒங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்காகளாண்ணே?"

"திருச்சியில ஒரு தங்கச்சி."

"பெறகென்ன? அங்க நீங்கதான மாமன்!"

உண்மைதான். போன பொங்கலுக்குத் திருச்சியில் தங்கை மகன் என் தோளைவிட்டு இறங்கவே இல்லை. அவன் அப்பா செருப்பும் பாட்டிலுமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.