தேங்காய் உடையாத வெள்ளிக்கிழமை

காலை எட்டே முக்காலுக்குச் சங்ககிரி ரயில் நிலையத்தில் இறங்கினேன். பதினைந்து ரூபாய் டீயை ஊதிக் குடிக்கக்கூட, என்னை அழைத்துப்போகக் காரோடு வந்திருந்த ஸ்டெல்லா விடவில்லை. சேலத்துக்காரி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறாள். விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விட்டு, புது போர்வெல் போடாமலே இரண்டு கோடையைத் தாண்டிய வளாகம் அது. அதைப் பார்த்துவிட்டு வரத்தான் கும்பகோணத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் கல்லூரியில் பசுமை வளாகம் என்றால் மரக்கன்றோடு படம் எடுத்துக்கொள்வது.

"சுத்திகரிச்ச தண்ணியை மேல ஏத்துற மோட்டார் கருகிப்போச்சு அக்கா. நாலு நாளா கழிப்பறைக்கும் போர்த் தண்ணிதான். அதுவும் வத்தப்போகுது. தாளாளர் புது போருக்கு வண்டி சொல்லிட்டார். இன்னிக்கு வருது" என்றாள்.

பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் போர் போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன. திருச்செங்கோட்டுப் பட்டறையில் கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டியாகிவிட்டது, ஆனால் மோட்டாரைத் தர மாட்டேன் என்றார் பட்டறைக்காரர்.

"வார்னிஷ் காயோணுமுங்க சாமி. அவசரப்பட்டா மறுக்காவும் கருகிப்போயிருமுங்க."

பத்து மணிக்குத்தான் கொடுத்தார்.

கல்லூரிக்குள் நுழையும்போதே விடுதிக்குப் பின்னால் ரிக் வண்டியின் கம்பம் நிமிர்ந்து நின்றது. "தேங்காய் உடைச்சுட்டா குழி போடாம வண்டியை எடுக்க மாட்டாங்க. பத்தரைக்கு ராகு காலம். அதுவரை பேச்சுக் கொடுங்க அக்கா" என்று என்னை இறக்கிவிட்டு, மோட்டாரோடு போய்விட்டாள்.

ரிக் மேனேஜர் துரைசாமி வாழை இலையில் கற்பூரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"டிபன் ஆச்சுங்களா?" என்றேன்.

"பூசை முடிச்சுப்போட்டுத்தானுங்க."

விடுவேனா? கேன்டீனிலிருந்து போண்டாவும் டீயும் வரவழைத்தேன். எந்தெந்த மாநிலத்தில் போர் போட்டிருக்கிறார் என்று கேட்டேன். மனிதர் ஒடிசாவில் ஆரம்பித்தார். நடுவில் ரிக் ஆள் ஒருவர் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தபோது இன்னொரு போண்டாவை நீட்டினேன்.

துரைசாமி கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் பொறந்துருச்சுங்க. இனிப் பன்னண்டுக்கு மேலதான்."

ஸ்டெல்லாவிடம் ஓடினேன். மோட்டாரைப் பொருத்தி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. போட்டதும் குழாய் இணைப்பில் தண்ணீர் பீறிட்டது. நிறுத்தி, இறுக்கி, மறுபடி போட்டார்கள். பன்னிரண்டுக்குச் சற்று முன் மேல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தாளாளர் வந்து கழிப்பறைக் குழாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"சரி, வண்டிய அனுப்பிருங்க" என்றார்.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது.

மதியம் ரயிலுக்குக் கிளம்பினோம். கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஸ்டெல்லா காரை நிறுத்தினாள். எதிர்ப்புறம் ஒரு தனியார் மகளிர் விடுதி. அதன் முற்றத்தில் அதே ரிக் வண்டி.

துரைசாமி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "சும்மா திரும்பிப் போகோணுமேன்னு இருந்தமுங்க. இவிங்க கூப்புட்டாங்க."

"அங்கயும் நம்ம பிள்ளைங்கதான் அக்கா தங்கியிருக்காங்க. நிலத்துக்கு அடியில இந்தத் தண்ணியும் நம்ம தண்ணிதான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா இறங்கிச் சாலையைக் கடந்தாள்.

நானும் ரயிலை மறந்து பின்னால் ஓடினேன். ஆனால் ராகு காலம் எப்போதோ முடிந்திருந்தது. நாங்கள் வாசலை எட்டுவதற்குள் தேங்காய் உடைந்துவிட்டது.