பாய்க்கு வெளியே நின்ற பாதங்கள்

இயோசெஃபோ பேருந்து ஓட்டிய இருபத்தோரு வருடமும், குடும்பப் பட்டம் பெற்று ஊரை நடத்தும் பட்டக்காரர்களைப் போலப் பேசிக் காட்டியே பயணிகளைச் சிரிக்க வைத்தான். சவாயி தீவின் மேற்குச் சாலையில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறுகையால் அழுக்குத் துண்டை சபையில் பேசும்போது அவர்கள் பிடித்திருக்கும் ஈயோட்டியைப் போலத் தோளில் வீசுவான்.

"மாட்சிமை பொருந்திய குழிகளே, மேன்மை தங்கிய பள்ளங்களே!"

கட்டணம் வாங்கும் அத்தோனியோ பின்னாலிருந்து கத்துவான்: "போதும்டா ஆமை, வண்டி நகரட்டும்!" ஆமை என்று பெயர் வைத்தவனும் அவன்தான். வண்டி போகும் வேகம் அப்படி.

லெமௌங்கா என்ற பட்டத்தை வைத்திருந்த பெரியப்பா இறந்ததும், அடுத்து யார் என்று குடும்பம் கூடிப் பேசியது. "எனக்கு எதுக்கு அதெல்லாம்? வண்டி போதும்" என்று இயோசெஃபோ மூன்று முறை மறுத்தான். மறுக்கிறவன்தான் தகுதியானவன் என்று குடும்பம் முடிவு செய்தது. அவன் மனைவி லூப்பே மட்டும் அந்த வாரம் ஒன்றைப் பார்த்திருந்தாள். நிறுத்தி வைத்த வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவன் துண்டைத் தோளில் வீசிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் கூட்டத்தில் பட்டக்காரர்களின் மனைவிகள் முன்தூண்களில் சாய்ந்து உட்காருவார்கள். அவள் இருபது வருடமாகப் பின்னால், அடுப்புப் பக்கம் உட்கார்ந்தவள்.

பட்டம் கட்டிய இரண்டாம் வாரம், "இயோசெஃபோ, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து, "லெமௌங்கா அவர்களே, சாப்பிட வாங்க" என்றாள். எழுந்து வந்தான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மாலை ஜெபத்துக்கு மணியடித்தால் அடுத்த மணி வரை ஊருக்குள் யாரும் நடமாடக் கூடாது. மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர்தான் மணி. அந்நேரம் பட்டக்காரர்கள் சாலையில் காவல் நிற்பார்கள். ஒரு வியாழக்கிழமை, இப்போது அந்த வண்டியை ஓட்டுகிற அத்தோனியோ டயர் பஞ்சராகித் தாமதமாக வந்தான். முறைப்படி நிறுத்தி இன்ஜினையும் அணைத்தான். ஆனால் காவல் நின்ற இயோசெஃபோவைப் பார்த்ததும் பழக்கம் வாயை மீறிவிட்டது.

"என்ன ஆமை, தொப்பையை உள்ள இழுத்தா நாங்க போயிட மாட்டோமா?"

வண்டி முழுக்கச் சிரித்தது.

மறுநாள் காலை ஊர்ச் சபையில் இயோசெஃபோ எழுந்து, அத்தோனியோவின் குடும்பத்தை ஊரைவிட்டு விலக்க வேண்டும் என்றான். பட்டத்தைப் பழித்தால் அதை வைத்திருந்த முன்னோர் அத்தனை பேரையும் பழித்ததாகும். சபையால் மறுக்க முடியவில்லை. ஞாயிறு மாலைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. சனிக்கிழமை விடியும்போது அத்தோனியோவும் அவன் மனைவி மகெலித்தாவும் இயோசெஃபோவின் வீட்டு முன் மண்டியிட்டு, அவளுடைய கல்யாணச் சீரான தாழைப் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டார்கள். எங்களை அடுப்பிலிட்டாலும் சரி என்பதற்கு அடையாளமாக முன்னால் விறகும் கல்லும். பழிக்கப்பட்டவர் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. அவரைத் தவிர வேறு யாரும் தூக்கக் கூடாது. அந்த ஊரில் கொலைக்குற்றத்துக்குக்கூட பாயை உடனே தூக்கிவிடுவார்கள்.

இயோசெஃபோ கொக்கோ கேட்டான். குடித்தான். இன்னொரு கோப்பை கேட்டான். அவன் வீட்டுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாய் தெரிந்தது.

"வெயில் ஏறுதுங்க" என்றாள் லூப்பே.

"ஏறட்டும்."

"மகெலித்தாவுக்கு முட்டி வலி. உங்களுக்குத் தெரியாதா?"

"பாய்க்குள்ள யாரு இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க தெரியுமா? நாப்பத்திரண்டு பேர். எண்ணினேன்" என்றான்.

"இருபத்தோரு வருஷம் அவங்களைச் சிரிக்க வெச்சது நீதானே!"

"அது வேற ஆளு."

இவனோடுதானா இத்தனை வருடம் படுத்து எழுந்தோம் என்று அவளுக்குத் திக்கென்றது. படியிறங்கி நேரே போனாள். பாயின் ஓரத்தை ஒதுக்கி உள்ளே நுழைந்து மண்டியிட்டாள்.

"லூப்பே, உனக்கென்ன பைத்தியமா? வெளிய போ. அவன் கோவம் கூடிரும்" என்றான் அத்தோனியோ.

"நகர்ந்து உக்காரு."

"வண்டியிலதான் இடம் இல்லைன்னா பாய்க்குள்ளயுமா?" என்றான். மகெலித்தா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மூவரின் மூச்சும் சேர்ந்து உள்ளே அடுப்பாகக் கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் பாதங்கள் வந்தன. பாயின் விளிம்புக்குக் கீழே அவளுக்குத் தெரிந்த பாதங்கள், கிளட்சை மிதித்து மிதித்துக் காய்ப்பேறிய இடது பாதம். நான் இங்கே இருப்பதைப் பார்த்துவிட்டான், தூக்கிவிடுவான் என்று நினைத்தாள்.

பாதங்கள் நின்றன. பிறகு ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் அகன்றன. நெடுநேரம் நிற்கப் போகிறவன் வசதியாக ஊன்றிக்கொள்கிற மாதிரி.

சாலையில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. தேவாலயப் பாட்டுப் பயிற்சி முடிந்து வருகிறவர்கள். அவன் அவர்களுக்காகத்தான் காத்திருந்தான். அவன் கோபமாக இருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கோபம் எப்போதோ போய்விட்டது. குனிந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு முதுகு அவளுடையது.

சாலை நிறைந்த பிறகு பாயைத் தூக்கினான். ஈயோட்டியைத் தோளில் வீசிப் பேசினான். குழிகளுக்கும் பள்ளங்களுக்கும் சொன்ன அதே சொற்கள், அதே இழுப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். "இப்படி ஒரு பெரிய மனசை நான் பார்த்ததில்ல" என்றார் சபையின் மூத்தவர். அத்தோனியோ தலை குனிந்து, "நன்றி, லெமௌங்கா" என்றான். அவன் வீடு அவனுக்கே நின்றது.

திங்கட்கிழமை பெண்கள் கூட்டத்தில் லூப்பே பின்னால் போய் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள். முட்டியில் துணி கட்டியிருந்த மகெலித்தா அவளைப் பார்த்ததும் காலை மடக்கி வழிவிட்டாள். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். யாரோ நலம் கேட்டார்கள், பதில் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். பேச்சு தொடங்கிவிட்டது.

முதுகில் ஏதோ குளிர்ச்சியாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். முன்தூண்.